செய்தி வாசித்த குரல், பாட்டுக்குப் பணம் கேட்ட குரல்: ஒன்யேகா ஒன்வேனு

2000ஆம் ஆண்டில் நைஜீரிய அரசுத் தொலைக்காட்சியின் வாசலில் ஒரு பாடகி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். நாடு முழுக்கத் தெரிந்த முகம், வயது 48. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 'இயோகோகோ' என்ற என் பாட்டைக் கேட்காமலே எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கான பணத்தைக் கொடுங்கள். நிலையமோ பணம் தராததோடு அவரைத் திரையிலிருந்தும் ஒதுக்கி வைத்திருந்தது. சக இசைக்கலைஞர் சார்லி பாய் ஆதரவாக வந்து நின்றார். ஆறு நாள் கழித்து, ராயல்டி பற்றி உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் போராட்டம் முடிந்தது.

ஒன்யேகா ஒன்வேனுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பாடகி, அப்புறம் நடிகை, அப்புறம் அரசுப் பதவி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்திரிகைகள் கொடுத்த 'எலிகன்ட் ஸ்டாலியன்' என்ற பட்டத்தையும் மறக்காமல் சேர்ப்பார்கள். வரிசையில் தப்பில்லை. ஆனால் இந்த வாழ்க்கையின் முதுகெலும்பு வேறு இரண்டு விஷயங்கள்: ஒலிபரப்பு, உடைமை. யார் பேசலாம், எது யாருக்குச் சொந்தம் என்ற இந்த இரண்டு கேள்விகளும் அவருடைய நாலு வயதில் தொடங்கின.

முதலில் அந்தப் பாட்டுச் சண்டையை முடித்துவிடலாம். அது ஒரு கலைஞரின் கோபம் என்று கடந்துபோகிற விஷயம் இல்லை, நைஜீரிய இசைத்தொழிலின் கணக்கு எங்கே ஒழுகுகிறது என்பதை அப்படியே காட்டுகிற சம்பவம்.

அன்றைக்கு நடப்பில் இருந்த நைஜீரியாவின் 1988 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருந்தன. சொல்லும் மெட்டும் ஆக்கியவருக்கு ஒன்று: அவர் ஆயுள் முழுவதும், இறந்த ஆண்டின் முடிவிலிருந்து மேலும் 70 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு ஒன்று (ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், அது யார் பெயரில் வந்ததோ அந்தக் கலைஞருக்கு), பாடி வாசித்தவருக்கு ஒன்று: இவை 50 ஆண்டு. தொலைக்காட்சி ஒரு பாட்டை நிகழ்ச்சிக்குள் ஒலிபரப்பினால், கலைஞர்கள் சார்பில் பணம் வசூலிக்கும் சங்கத்துக்கு ஒட்டுமொத்த உரிமத் தொகை கட்ட வேண்டும், சங்கம் அதைப் பிரித்துக் கொடுக்கும். பாட்டை எடுத்து ஒரு விளம்பரத்தோடோ நிலையத்தின் அறிவிப்போடோ ஒட்டினால் கதை வேறு. அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், தொகையையும் தனியாகப் பேச வேண்டும். ஒட்டுமொத்த உரிமம் இதற்குச் செல்லாது.

நடைமுறையில் இது எங்கே உடையும்? எந்தப் பாட்டு எந்தத் தேதியில் எத்தனை நிமிஷம் போனது என்று நிலையம் குறித்து வைத்தால்தான் சங்கத்தால் பிரிக்க முடியும். அந்தப் பதிவேடு இல்லையென்றால், தொகை வந்தாலும் யாருக்கு எவ்வளவு என்பது ஊகம்தான். சங்கங்களும் ஒற்றுமையாக இருந்ததில்லை. நான்தான் உண்மையான வசூலாளன் என்று இரண்டு தரப்பு வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியது. 2010இல் 'கோசான்' சங்கத்துக்கு உரிமம் கிடைத்தது, 2017இல் 'எம்சிஎஸ்என்' சங்கத்துக்கும் அங்கீகாரம் வந்தது. இந்தக் குழப்பம் பணம் கட்ட மனமில்லாத நிலையங்களுக்கு நல்ல சாக்கு. இதற்கெல்லாம் மேலே ஒரு மனநிலை: 'உன்னைப் பிரபலப்படுத்துவதே நாங்கள்தான், நீ என்ன எங்களிடம் பணம் கேட்பது?' நாட்டுப்புறச் சாயல் உள்ள பாட்டென்றால் இன்னொரு வாதமும் சேரும். ஊர்ப்பாட்டுதானே, இது உனக்கு எப்படிச் சொந்தம்? பதில் எளிது. பழைய மெட்டு ஊருக்குப் பொது. அதை எடுத்துப் புதுச் சொல்லும் புது இசைக்கோப்பும் போட்டு அமைத்த வடிவம் அமைத்தவருடையது, ஒலிப்பதிவு, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், அது யார் பெயரில் வந்ததோ அந்தக் கலைஞருடையது.

இந்த வழக்குக்கு நீதிமன்றத்தில் பத்து வருஷம் ஆகியிருக்கலாம். வாசலில் உட்கார்ந்ததால் ஆறு நாளில் முடிந்தது. ஒரு முன்னாள் செய்தியாளருக்கு எது செய்தியாகும் என்று தெரியாதா என்ன!

இனி நாலு வயதுக்கு வருவோம்.

அவர் 1952 ஜனவரி 31 அன்று பிறந்தவர். பூர்விகம் இன்றைய இமோ மாநிலத்தின் அரொண்டிசுவோகு, வளர்ந்தது போர்ட் ஹார்கோர்ட். தென்கிழக்கு நைஜீரியாவின் பெரிய இனமான இக்போவைச் சேர்ந்த குடும்பம். தந்தை டி. கே. ஒன்வேனு கல்வியாளர், அரசியல்வாதி. ஒன்யேகாவுக்கு நாலு வயதாக இருந்தபோது, கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்க ஒரு வாரம் மிச்சமிருக்கையில், கார் விபத்தில் இறந்துபோனார். வீட்டில் ஐந்து குழந்தைகள். கணவரின் சொந்தங்கள் சொத்தில் கை வைக்கவிடாமல் தாய் ஹோப்பை வெளியே நிறுத்திவிட்டார்கள். அன்றைய வழக்கப்படி விதவைக்குக் கணவர் சொத்தில் உரிமை கிடையாது, பெண்பிள்ளைக்கும் தந்தை சொத்தில் பங்கு கிடையாது. ஐந்து பேரையும் தாய் தனியாளாக வளர்த்தார். அவர் பாடக்கூடியவர். மகளுக்குப் பாட்டு முதலில் வந்தது வீட்டிலிருந்துதான்.

1967இல் தென்கிழக்குப் பகுதி தனிநாடாகப் பிரிந்ததால் பயாஃப்ரா உள்நாட்டுப் போர் வெடித்தபோது ஒன்யேகாவுக்கு 15 வயது. 1970இல் போர் முடிந்தது. பிறகு அமெரிக்கா. மாசசூசெட்ஸில் உள்ள வெல்லஸ்லி கல்லூரியில் சர்வதேச உறவும் தகவல்தொடர்பும் படித்தார், நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் ஊடகவியல் முதுகலை முடித்தார், கொஞ்ச காலம் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையும் பார்த்தார். 1980இல் ஊர் திரும்பினார்.

திரும்பியவுடன் அரசுத் தொலைக்காட்சிக்குப் போனதற்குக் காரணம் தேசிய இளைஞர் சேவைத் திட்டம். 1973இல் வந்த இந்தத் திட்டப்படி, 30 வயதுக்குள் பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் ஒரு வருஷம் அரசு சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் விலக்கில்லை. ஒன்யேகாவுக்கு அப்போது 28. அவருக்குக் கிடைத்த இடம் நைஜீரியத் தொலைக்காட்சி ஆணையம், அதாவது என்.டி.ஏ. செய்தி வாசிப்பும் நிருபர் வேலையும். தனியார் ஒளிபரப்புக்கு 1992இல்தான் கதவு திறந்தது. அதுவரை டிவி என்றால் மத்திய அரசு அல்லது மாநில அரசு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட காலத்தில் செய்தி வாசிக்கிறவரைத் தெரியாத வீடு இருக்காது.

பாட்டுக்கு வந்தபோது அவர் முதல் பெண் அல்ல. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் 'முதல் பெண்' என்று எழுதிவிடுவது சுலபமாக இருக்கிறது. நைஜீரியாவின் இன்னோர் பெரிய இனமான யொரூபா பெண்களின் 'வாகா' இசையை மேடைத் தொழிலாக்கியவர் பதிலே அலாகே. இக்போ நாட்டுப்பாட்டை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்து கொடி நாட்டியவர் நெல்லி உச்செண்டு. லிஜாடு சகோதரிகள் எழுபதுகளிலேயே தங்கள் பாட்டைத் தாங்களே எழுதினார்கள். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நடித்துக்கொண்டே பாடகியாக உச்சத்துக்குப் போன கிறிஸ்டி எசியன் இக்போக்வே, பிற்பாடு இசைக்கலைஞர் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார். ஒன்யேகா புதிதாகக் கொண்டுவந்தது வேறு: பட்டப்படிப்பு, செய்தியறைப் பயிற்சி, பாட்டு மூன்றும் ஒரே ஆளிடம். பாடகி என்றாலே ஒழுக்கத்தைச் சந்தேகித்த நடுத்தர வர்க்கத்துக்கு அது தலைவலியாக இருந்திருக்கும். செய்தி வாசிக்கும்போது மரியாதை கொடுத்துப் பார்த்த பெண் மேடையேறி ஆடினால் என்ன சொல்வது?

1981இல் 'ஃபார் தி லவ் ஆஃப் யூ' வந்தது. தயாரித்தவர் பெர்க்லி ஜோன்ஸ், 'பிளோ' ராக் குழுவின் கிதார்க்காரர். அடுத்த வருஷம் 'எண்ட்லெஸ் லைஃப்', சன்னி ஒகோசன் தயாரிப்பில். 1984இல் 'இன் தி மார்னிங் லைட்', 1986இல் 'ஒன் லவ்', 1988இல் 'டான்சிங் இன் தி சன்'. முதல் தொகுப்புகள் நல்ல பாப் இசைதான், ஆனால் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் என்ற வகை. சொந்தக் குரல் 'ஒன் லவ்' தொகுப்பில்தான் பிடிபடுகிறது என்பது என் கணிப்பு. தலைப்புப் பாட்டு இன்றைக்கும் நைஜீரியாவில் ஒற்றுமைக் கூட்டம் எதுவானாலும் கேட்கும். 'இயோகோகோ'வும் இதே தொகுப்பில்தான் இருக்கிறது.

அவருடைய இக்போப் பாட்டுகளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டும். இக்போ தொனி மொழி. ஒரே அசையை மேலே தூக்கிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. ஆகவே மெட்டுப் போடுகிறவருக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கு எதிராக மெட்டு ஓடினால் பொருள் குழம்பும். இதற்கு ஊர்ப்பெண்கள் வைத்திருக்கும் தீர்வு, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் கூட்டுப்பாட்டு. எடுத்துக்கொடுக்கும் வரி சிறியது, பேச்சுக்கு நெருங்கியது, சுரத்தின் வீச்சும் குறுகியது. மறுமொழி எப்போதும் ஒரே இடத்தில் வந்து விழும். ஒன்யேகா இந்தச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் எலெக்ட்ரிக் பாஸ் கிதாரையும் டிரம்ஸையும் ஓடவிட்டார். அவருடைய இன்னொரு பெயர்பெற்ற பாட்டான 'எக்வே'க்கு அந்தப் பெயர் கொடுத்தது ஒரு மர முரசு. அடிமரத்தைக் குடைந்து, இரண்டு செவ்வகத் துளைகளை மெல்லிய பிளவால் இணைத்திருப்பார்கள். குச்சி விழும் இடத்தைப் பொறுத்து ஒலி ஏறும் இறங்கும். ஊருக்குச் சேதி சொல்லவும் அதைத்தான் அடித்தார்கள். ஆங்கிலப் பாட்டுகளில் அவர் குரல் கொஞ்சம் உபசாரமாக நிற்கும், ஒவ்வொரு சொல்லும் செய்தி வாசிப்பதுபோல முழுசாக வந்து இறங்கும். இக்போவில் அந்த இறுக்கம் இல்லை.

பாட்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோதே 1984இல் 'நைஜீரியா: எ ஸ்குவாண்டரிங் ஆஃப் ரிச்சஸ்' ஆவணப்படம் வெளிவந்தது. பிபிசியும் என்.டி.ஏ.வும் கூட்டாகச் செய்தது. எழுதியவரும் தொகுத்து வழங்கியவரும் ஒன்யேகா. எண்ணெய்ப் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. 1956இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடித்ததிலிருந்து எழுபதுகளின் கொழுத்த வருமானம் வரை எல்லாம் வந்தும், எண்ணெய் எடுத்த நைஜர் டெல்டா மண்ணுக்கு மிஞ்சியது அழுக்குத் தண்ணீரும் இருட்டும். 1983 கடைசி நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஊழலைப் பற்றி வெளிநாட்டு நிருபர் வந்து பேசுவது அப்போதும் சகஜம். உள்ளூர்க்காரி, அதுவும் பாட்டுத்தட்டில் சிரிக்கும் பெண், கேமராவைப் பார்த்துக் கேட்டது சகஜமில்லை. டெல்டா போராட்டங்கள் உலகச் செய்தியாவதற்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது. அவர் வேறொன்றும் செய்யாமல் இந்தப் படத்தோடு நிறுத்தியிருந்தாலும் வரலாற்றில் இடம் உண்டு என்றே சொல்வேன்.

பாட்டைச் செய்தியாக்கிய வேலைக்கு இன்னொரு உதாரணம் 1989இல் வந்த 'வெயிட் ஃபார் மீ', 'சாய்சஸ்' என்ற இரண்டு பாடல்கள். கூடப் பாடியவர் யொரூபாக்களின் ஜூஜு என்ற கிதார் இசையின் பெரிய பெயரான கிங் சன்னி அடே. 1988இல் நைஜீரியா மக்கள்தொகைக் கொள்கை அறிவித்து, ஒரு பெண்ணுக்கு நாலு குழந்தை போதும் என்று சொல்லியிருந்தது. கணக்கைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டியதற்காக அந்தக் கொள்கை வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகைத் தொடர்புப் பிரிவு இந்தப் பாடல்களுக்குப் பின்னால் இருந்தது. அமைப்பு சாமர்த்தியமானது: ஆணும் பெண்ணும் பேசிக்கொள்கிற ஜோடிப்பாட்டு. ஒன்றில் அவசரப்படாமல் காத்திருப்பது, மற்றதில் எத்தனை பிள்ளை என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது. சட்டம் மறந்த ஆணை மெட்டு உள்ளே இழுத்து வந்தது. யொரூபா நட்சத்திரத்தையும் இக்போ நட்சத்திரத்தையும் சேர்த்ததால் இதை ஓர் இனத்தின் பிறப்பைக் குறைக்கும் சதி என்று சொல்லவும் இடமில்லாமல் போயிற்று. பிரச்சாரப் பாட்டு என்றால் பொதுவாகக் காது தாங்காது, இவை தாங்கும்.

1990இல் விடுதலையான நெல்சன் மண்டேலாவும் அவர் மனைவி வின்னியும் நைஜீரியா வந்தபோது, வின்னியைப் பற்றிய தன் பாட்டை ஒன்யேகா வின்னி முன்னாலேயே பாடினார்.

அதற்குள் இசைத்தட்டுத் தொழில் செத்துக்கொண்டிருந்தது. 1985இல் ஒரு டாலர் வாங்க நைஜீரிய நாணயமான நைராவில் ஒன்று கூட வேண்டாம். 1986இல் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் வந்து நாணயத்தைச் சந்தையில் விட்டார்கள். 1990இல் டாலர் எட்டு நைராவைத் தொட்டுவிட்டது. தட்டு அச்சடிக்கத் தேவையான பிவிசி, மூல அச்சு, இயந்திர உதிரிப்பாகம் எல்லாமே இறக்குமதி. தட்டின் விலை சம்பளக்காரர் கைக்கு எட்டாமல் போக, பன்னாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. மிஞ்சியது கேசட். கேசட்டில் கள்ளப்பிரதிக்காரருக்கு ஸ்டூடியோ வாடகை இல்லை, வாத்தியக்காரர் கூலி இல்லை, முன்பணம் இல்லை. அதிவேக நகலெடுக்கும் இயந்திரம் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும். அட்டையை ஜெராக்ஸ் போட்டால் போதும், லாகோஸின் அலாபா சந்தையில் சரக்கு தயார். கம்பெனி தான் அச்சடித்த எண்ணிக்கைக்குத்தான் ராயல்டி கணக்குக் காட்டும். ஆக, பாட்டு தெருவெல்லாம் கேட்கும், பாடியவரின் கணக்கில் விற்பனை குறைந்துகொண்டே போகும். பதிவு செய்த பாட்டு வருமானம் தராத நிலையில் மேடைக் கச்சேரியும் ஒலிபரப்புத் தொகையும்தான் மிச்சம். 2000இல் அவர் ஏன் அத்தனை பிடிவாதமாக உட்கார்ந்தார் என்பது இதோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

கேசட் கொன்றதை வீடியோ கேசட் வேறு வடிவில் திருப்பித் தந்தது. 1992இல் ஒனிட்ஷா என்ற வணிக நகரத்து வியாபாரி கென்னத் நெபுவே தயாரித்த 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற இக்போப் படம் வீட்டு வீடியோவாகவே விற்றுத் தீர்ந்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் நாலிவுட் எனப்படும் நைஜீரியத் திரைத்துறை. பணம் போட்டவர்கள் லாகோஸின் இடுமோட்டா சந்தையிலும், ஒனிட்ஷா, அபா நகரங்களிலும் கடை வைத்துப் படம் விற்ற மார்க்கெட்டர்கள். அவர்களுக்கு வேண்டியது உறை அட்டையில் தெரிந்த முகம். நாடகப் பயிற்சி பெற்றவர்களோடு பாடகர்களும் திரைக்கு வந்தது இப்படித்தான். படப்பிடிப்பு நாட்கள் குறைவு, செட் கிடையாது, யாருடையதோ வீட்டில் எடுப்பார்கள். வசனம் அங்கேயே பதிவாகும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரும் கூடவே பதிவாகும். நடிகருக்கு ஒரு முறை கூலி, அதோடு சரி. படம் லட்சம் பிரதி போனாலும் மேற்கொண்டு காசு வராது. ராயல்டிக்காகப் பட்டினி கிடந்தவர் இந்த ஏற்பாட்டுக்குள் நடித்தார் என்பது முரண்தான். ஆனால் தொழிலில் வேறு ஏற்பாடே இல்லை.

நடிகையாக அவரைப் பார்க்க இரண்டு படம் போதும். ஒன்று பியி பாண்டெலே இயக்கி 2013இல் வந்த 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்', சிமமண்டா அடிச்சியின் பயாஃப்ரா நாவலிலிருந்து எடுத்தது. கதாநாயகன் ஒடெனிக்போவின் தாயாக, கிராமத்திலிருந்து வந்து இறங்கி மகன் வீட்டுச் சமையலறையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, அவன் சேர்ந்து வாழும் படித்த பெண்ணைச் சூனியக்காரி என்று ஏசுகிற கிழவி. வெல்லஸ்லி பட்டதாரி ஒருவர், படித்த பெண்ணைக் கண்டு மிரளும் தாயாக நடிக்கிறார். இங்கே கேலி செய்வது சுலபம், அவர் செய்யவில்லை. அந்தக் கிழவிக்குத் தன் பயம் நியாயமானது. உடம்பை முன்னால் சாய்த்து, கண்ணை விலக்காமல், குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் மட்டும் உயர்த்துகிறார். மற்றது ஜெனிவீவ் நாஜி இயக்கிய 'லயன்ஹார்ட்', 2018, நெட்ஃபிளிக்ஸின் முதல் நைஜீரிய அசல் படம். பீட் எடோச்சியின் மனைவியாக, கதாநாயகியின் தாயாக வருகிறார். பாத்திரம் சின்னது. எனுகு வீட்டுச் சாப்பாட்டு மேசைக் காட்சிகளில் இக்போவும் ஆங்கிலமும் மாறிமாறி வரும் பேச்சின் இயல்பு அவரிடம் தேடாமலே கிடைக்கிறது. ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவு, வசனத்தில் ஆங்கிலம் அதிகம் என்று இதே படத்தைத் தள்ளுபடி செய்தது வேறு கதை.

அரசியல் அவருக்குச் சரிவரவில்லை. சொந்த ஊர் இருக்கும் இடியாட்டோ வடக்கு உள்ளாட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு தடவை நின்றார், இரண்டும் தோல்வி. பிறகு இமோ மாநிலக் கலை பண்பாட்டு மன்றத் தலைவர். 2013இல் குடியரசுத் தலைவர் குட்லக் ஜோனத்தன் அபூஜாவில் உள்ள தேசியப் பெண்கள் மேம்பாட்டு மையத்துக்குத் தலைமை ஏற்க வைத்தார். 2016 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான், 2014இல், பெண்பிள்ளைக்குத் தந்தை சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் ஒரு விதவையின் பக்கமும் தீர்ப்பு வந்தது. ஹோப் ஒன்வேனு வெளியே நிறுத்தப்பட்டு அறுபது வருஷம் நெருங்கிவிட்டிருந்தது. தீர்ப்புக்கும் மையத்துக்கும் தொடர்பில்லை, காலம் அப்படி ஒத்துப்போனது. தீர்ப்பு வந்த பிறகும் கிராமத்துக் குடும்பக் கூட்டங்களில் பழைய வழக்கம்தான் பேசும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2020இல் தன்வரலாறு எழுதினார். பெயர் 'மை ஃபாதர்ஸ் டாட்டர்'. 2024 ஜூலை 30 அன்று லாகோஸில், ஒரு தொழிலதிபரின் 80ஆவது பிறந்தநாள் விருந்தில் பாடி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. வயது 72. அவர் இயற்றியவற்றின் உரிமை 2094 முடியும் வரை வாரிசுகளுடையது.

புதிதாகக் கேட்கிறவர்கள் வருஷ வரிசைப்படி போக வேண்டாம், முதல் தட்டிலேயே சலித்துவிடும். 'ஒன் லவ்' தொகுப்பை முழுதாகக் கேளுங்கள், அடுத்து 'எக்வே', அதற்கப்புறம் சன்னி அடேயோடு பாடிய இரண்டும். யூடியூபில் ரசிகர்கள் ஏற்றியிருக்கும் பழைய பிரதிகளில் வேகம் கொஞ்சம் கூடி, குரல் மெலிந்து கேட்பதுண்டு. கேசட்டிலிருந்தோ தட்டிலிருந்தோ மாற்றும்போது இயந்திரத்தின் வேகம் சரியாக இல்லாததால் வருவது அது. ஒரே பாட்டின் இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்டு, குரல் கனமாக இறங்கும் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வத் தளங்களில் கிடைப்பதை அங்கேயே கேட்டால் கொஞ்சமாவது காசு போய்ச் சேரும்.